இருபத்தேழாம் உறை

நோயாளி உறங்கிய பிறகுதான்
உறையை நான் பிரிக்கலாம்.
தோளுக்குள் கேமரா நுழைந்து
"தசைநார் கிழியவில்லை, தகுதியானவர்" என்று
ஸ்கிர்மன்டாஸ் உரக்கச் சொன்ன பிறகு.
உள்ளே ஒரு சொல் இருக்கும்.
செய்க.
அல்லது, செய்யற்க.

கிளைபேடா துறைமுக மருத்துவமனை, மூன்றாம் அரங்கு.
சன்னலுக்கு வெளியே கிரேன்கள்
கப்பல்களின்மேல் கழுத்தை நீட்டி நிற்கும்.
அவற்றில் ஒன்றை இருபத்திரண்டு ஆண்டு ஓட்டியவர்
அன்று எங்கள் மேசையில் கிடந்தார்.
ரிம்கௌதாஸ், ஐம்பத்தெட்டு, வலத்தோள்.
சட்டை மாட்ட மனைவி வேண்டும்.

உறை இருபத்தேழு: செய்யற்க.

செய்யாமலிருப்பதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தது.
பதினெட்டு நிமிடம்.
மீட்பறையில் யாரும் கடிகாரம் பார்த்து
ஊகித்துவிடக் கூடாது அல்லவா.
எலும்பு சீவும் கருவி தட்டிலேயே கிடந்தது.
ஸ்கிர்மன்டாஸ் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நெஞ்சோடு கட்டிக்கொண்டார்.
மகள் மூன்றாம் முறையும்
ஓட்டுநர் தேர்வில் தோற்ற கதையைச் சொன்னார்.
சிரித்தோம்.
பிறகு இரண்டு துளைகளுக்கும் தையல்,
எல்லாருக்கும் போடும் அதே கட்டு,
அதே மாத்திரைச் சீட்டு.

அவர் அறியார். மனைவி அறியார்.
கைக்குப் பயிற்சி தருபவரும் அறியார்.
அரங்கில் நின்ற நாங்கள் ஐவர் அறிவோம்,
கதவு வரைக்கும்.

மூன்று மாதம் கழித்துச் சந்தையில்,
புகையூட்டிய மீன் கடைமுன்,
தலைக்குமேல் கையை வீசி என்னைக் கூப்பிட்டார்.
"டங்குவோலே, பார்த்தாயா!
உன் டாக்டர் கைராசிக்காரர்!"
அந்தக் கைராசியைத்தான்
எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல முடியுமா?
மீன் என்ன விலை என்று கேட்டேன்.
வேண்டாத அரைக்கிலோ வாங்கினேன்.

உறை நாற்பத்தொன்று: செய்க.
ஜெனொவைடே, பள்ளிச் சமையற்காரி.
சீவினோம், கழுவினோம், சுத்தமான வேலை.
ஒன்பதாம் நாள் சீழ்.
ஏழு மாதம் அந்தத் தோள்
குழாயும் ஊசியுமாக இருந்தது.
இப்போது அவர் கை மோவாய்வரை எழும்,
அதற்குமேல் எழாது.
அட்டவணையில் அவருக்கு ஒரு வரி:
கடும் பாதகம், நூற்றிருபதில் ஒன்று.
அவர் வீட்டில் அது
ஒன்றில் ஒன்று.
அந்த உறையையும் இந்தக் கைதான் பிரித்தது.
குற்றமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.
நானும் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு முடிவில் திரை இறக்கிப் படம் காட்டினார்கள்.
சீவியவர்களின் வலி ஒரு கோடு,
சீவாதவர்களின் வலி ஒரு கோடு.
பின்னலின் இரு புரிபோல்
ஒன்றையொன்று தழுவி இறங்கின.
எது எது என்று
நிறத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.
அறையில் யாரோ இருமினார்கள்.
ஆயிரத்து நானூறு தோள்களைச் சீவிய ஸ்கிர்மன்டாஸ்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டினார்,
கோடுகள் அங்கேயே இருந்தன.
"வியாழக்கிழமைப் பட்டியலை ரத்து செய்" என்றார்.

நான்கு பெயர்கள். நானே அழைத்தேன்.
ஒருவர் நன்றி சொன்னார்.
ஒருவர் வேறு மருத்துவமனை போவதாகச் சொன்னார்.
ஒருத்தி அழுதாள்:
என் அக்காவுக்குச் செய்தீர்களே,
எனக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?
நான்காம் எண் எடுக்கவில்லை.

கடிதம் கிடைத்த வாரமே ரிம்கௌதாஸ் வந்தார்.
உட்காரவில்லை.
சட்டையைத் தோள்வரை ஒதுக்கி
இரண்டு தழும்பையும் விரலால் தொட்டுக் காட்டினார்.
"இதற்குள் எதுவுமே நடக்கவில்லையா?"
கேமரா போனது. தண்ணீர் போனது. பார்த்தோம்.
"பார்த்தீர்கள்."
ஆமாம்.

வெளியே ஏதோ கப்பல் ஊதியது.
கையை மெதுவாக உயர்த்தினார்,
யாரோ திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.
காது தாண்டியதும் நிறுத்தினார்.
"வலிக்கிறதா?" என்றேன்.

"பொறு" என்றார்.